பயணப் பையில் எந்த லென்ஸ், வீட்டில் எது?

மேசை மேல் ஆறு லென்ஸ்கள். எல்லாம் நிக்கான் இசட் மவுண்ட் (பாடியில் லென்ஸ் பொருந்தும் வாய்): 14-30 எஃப் 4, 24-120 எஃப் 4, 24-200 எஃப் 4-6.3, 70-200 எஃப் 2.8, 40 எஃப் 2, 105 மேக்ரோ. முதலில் வருவது மி.மீ. கணக்கில் ஃபோகல் லெங்த்: சிறிதானால் காட்சி அகலம் (வைட்), பெரிதானால் தூரத்தை இழுக்கும் (டெலி). எஃப் எண் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை; எண் சிறிதானால் துளை பெரிது. பாடி (கேமரா) ஒன்றுதான், இசட் 6-இன் இரண்டாம் பதிப்பு. ஃபுல் ஃப்ரேம் (36 × 24 மி.மீ. சென்சார்), 24 மெகாபிக்சல். வெளிநாட்டுப் பயணம், பெரும்பாலும் பழைய நகரங்கள், நடுவில் கொஞ்சம் மலை. விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பைக்கு 7 கிலோ வரம்பு. இந்த ஆறில் எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்த்த கணக்கு கீழே. வேறு கம்பெனி கேமரா என்றாலும் கணக்கு இதேதான். ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார்காரர்கள் தங்கள் ஃபோகல் லெங்த்தை 1.5-ஆல் (கேனன் என்றால் 1.6-ஆல்) பெருக்கி ஒப்பிட வேண்டும், இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 2-ஆல்.

ஒவ்வொரு லென்ஸையும் கையில் எடுத்துக் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இது இல்லாவிட்டால் அதே படத்தை வேறு வழியில் எடுத்துவிட முடியுமா? அகலம் போதாவிட்டால் இரண்டு மூன்று படம் எடுத்து ஒட்டலாம். நீளம் போதாவிட்டால் வெட்டிப் பெரிதாக்கலாம். வெளிச்சம் போதாவிட்டால் பிறகு செய்ய எதுவும் இல்லை. பலர் வைட், நார்மல், டெலி என்று மூன்று ஜூமை வரிசையாக அடுக்கிவிட்டு, இருட்டுக்கு ஒன்றுமே இல்லாமல் போய் நிற்பது இதை யோசிக்காததால்தான்.

முதலில் பழைய படங்கள்

என்ன தேவை என்பதை மனசைக் கேட்டால் அது ஆசையைச் சொல்லும். முந்தைய பயணப் படங்களின் எக்ஸிஃப் தகவலை (கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதிவைக்கும் விவரம்) கேட்பது நல்லது. லைட்ரூம் கிளாசிக் என்ற படத் தொகுப்பு மென்பொருளில் லைப்ரரி பகுதிக்குப் போய், கிரிட் காட்சியில் பேக்ஸ்லாஷ் விசையைத் தட்டினால் மேலே ஃபில்டர் பட்டை வரும். அதில் மெட்டாடேட்டாவைத் தேர்ந்து, பத்திகளை லென்ஸ், ஃபோகல் லெங்த், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு சென்சாரின் உணர்திறன்), ஷட்டர் ஸ்பீடு (வெளிச்சம் விழும் நேரம்) என்று மாற்றிக்கொள்ளவும். லைட்ரூம் இல்லாதவர்களுக்கு எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் போதும்; ஒரு ஃபோல்டர் முழுவதற்கும் இதே விவரங்களை அட்டவணையாகக் கொட்டித் தரும், எக்செல்லில் திறந்து எண்ணிக்கொள்ளலாம்.

எண்ணும்போது எடுத்த படங்கள் அத்தனையையும் எண்ணக் கூடாது. கடைசியில் தேறிய படங்களை, அதாவது நட்சத்திரம் போட்டவற்றை, யாருக்காவது அனுப்பியவற்றை, பிரிண்ட் போட்டவற்றை மட்டும் எண்ண வேண்டும். குப்பைக்குப் போன ஐந்நூறு டெலி படங்களைக் கணக்கில் சேர்த்தால் 70-200 ரொம்ப அவசியம் என்றுதான் விடை வரும். இரண்டு வேறு சென்சார் அளவுள்ள கேமராக்களில் எடுத்த படங்கள் கலந்திருந்தால், 35 மி.மீ. சமான ஃபோகல் லெங்த் என்று தனியாக ஒரு புலம் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஜூம் லென்ஸின் எண்கள் எப்போதும் இரண்டு முனைகளிலும் குவியும். 24-120 வைத்திருப்பவருக்கு 24-இல் ஒரு குவியல், 120-இல் ஒரு குவியல். இதைப் பார்த்ததும் ‘இன்னும் வைட் வேண்டும், இன்னும் டெலி வேண்டும்’ என்று முடிவுகட்டுவதுதான் வழக்கமான தவறு. ஜூமை ஒரு முனையில் விட்டுவைத்திருந்த சோம்பேறித்தனமும் அதே குவியலாகத்தான் தெரியும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. 24-இல் எடுத்த படங்களில் எத்தனையைப் பிறகு வெட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பாதிக்கு மேல் ஓரம் வெட்டப்பட்டிருந்தால் அகலம் போதாமல் இல்லை, அதிகமாகத்தான் இருந்திருக்கிறது. மாறாக, 120-இல் எடுத்தவை வெட்டப்பட்டிருந்தால் அங்கே நீளம் உண்மையிலேயே பற்றவில்லை.

அடுத்து ஐஎஸ்ஓ 6400-க்கு மேல் போன படங்களையும், ஷட்டர் 1/30 நொடியைவிட மெதுவாகப் போன படங்களையும் தனியாகப் பிரிக்கவும். கை நடுக்கத்தாலும் ஆள் அசைந்ததாலும் கெட்டுப்போன படங்கள் அநேகமாக இங்கேதான் கிடக்கும். நகரப் பயணத்தில் இந்தக் கூட்டம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கும்: சாயங்காலத் தெரு, உணவகம், தேவாலயம், ரயில் பெட்டி, அருங்காட்சியகம்.

தராசு

கம்பெனி சொல்லும் எடை இப்படி: 14-30 485 கிராம், 24-120 630, 24-200 570, 70-200 முக்காலி வளையம் இல்லாமல் 1,360, 40 எஃப் 2 170, 105 மேக்ரோ 630. மொத்தம் 3,845. பேட்டரி, கார்டோடு பாடி 705. ஆக 4 கிலோ 550. இது மூடி, ஹுட் (ஓர வெளிச்சத்தை மறைக்கும் வளையம்), ஃபில்டர், உறை இல்லாத எடை. ஒரு லென்ஸுக்கு இவை 50 முதல் 100 கிராம் வரை கூட்டும். அதனால் சமையலறைத் தராசில் எல்லாம் மாட்டிய நிலையில் நிறுத்துவதுதான் கணக்கு. ஒரு சாதாரண கேமரா பையே காலியாக ஒரு கிலோவுக்கு மேல் வரும். லேப்டாப்பும் அதன் சார்ஜரும் இன்னொரு ஒன்றரை, இரண்டு கிலோ. ஆறு லென்ஸையும் எடுத்தால் ஒரு சட்டைகூட வைக்காமல் 7 கிலோ தாண்டும். லென்ஸைச் செக்-இன் பெட்டியில் போடலாமே என்றால், வேண்டாம். அடி படுவது ஒரு பக்கம், காணாமல் போனால் பல பயணக் காப்பீடுகள் செக்-இன் பெட்டியில் இருந்த கேமராவுக்குப் பணம் தருவதில்லை.

விமான எடையைவிடத் தோளில் ஏறும் எடைதான் நாள் முழுக்க உறுத்தும். பாடியும் லென்ஸுமாக 2 கிலோவுக்குள் நின்றால் காலையில் கிளம்பி ராத்திரி வரை சுமக்கலாம். 3 கிலோ தாண்டினால் மத்தியானத்துக்கு மேல் பை அறையிலேயே தங்கிவிடும், கூடவே அந்த லென்ஸும்.

14-30 ஏன் கழிந்தது

24 மி.மீ.-இல் கேமராவைக் குறுக்காகப் பிடித்தால் கிடைக்கும் கிடைமட்டக் கோணம் சுமார் 74 டிகிரி. 16-இல் 97, 14-இல் 104. இதே 24-ஐ நெட்டாகப் பிடித்தால் ஒரு படத்துக்கு 53 டிகிரி. மூன்றில் ஒரு பங்கு ஒன்றின்மேல் ஒன்று படியும்படி மூன்று படம் எடுத்தால் மொத்தம் ஏறத்தாழ 124 டிகிரி வரும், அதாவது 14 மி.மீ.-ஐத் தாண்டிவிடும். மேலும் கீழும் 74 டிகிரி கிடைப்பதால் உயரத்திலும் பெரிய குறை இல்லை. ஒட்டிய பிறகு ஓரம் வளைந்து கொஞ்சம் வெட்டுப்படும், அதற்காக மேலே கீழே இடம் விட்டு எடுக்க வேண்டும்.

எடுக்கும் முறை: எக்ஸ்போஷர் மேனுவல், வைட் பேலன்ஸ் எனும் நிறச் சமநிலை ஏதாவது ஒன்றில் நிலையாக (ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் வானம் நிறம் மாறும்), ஒரு முறை ஃபோகஸ் செய்து பூட்டிவிடவும், போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டியிருந்தால் கழற்றவும். நின்ற இடத்தில் உடம்பைத் திருப்பினால் கேமரா ஒரு வட்டம் அடிக்கும். அதற்குப் பதில் லென்ஸின் முன்பகுதியை அச்சாக வைத்துக் கேமராவைத் திருப்ப வேண்டும். தூரத்துக் காட்சிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு மீட்டர் தூரத்தில் கைப்பிடிக் கம்பி இருந்தால் ஒட்டும்போது கம்பி உடைந்து தெரியும். ஆள் நடமாட்டம் இருந்தால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார். அதனால் ஒட்டு வேலைக்கு ஏற்ற இடம் சதுக்கம், மலைமேடு, ஆற்றங்கரை. சின்ன அறையும் நெருங்கிய தூண்களும் உள்ள இடத்துக்கு அது ஆகாது.

அந்த இடங்களுக்குப் பாக்கெட்டில் இருக்கும் போன் உதவும். இப்போதைய போன்களில் பாதி அளவு ஜூம் என்று காட்டும் அல்ட்ரா வைட் கேமரா பெரும்பாலும் 13 மி.மீ.க்குச் சமம். பகல் வெளிச்சத்தில் படம் மோசமில்லை. கட்டடக் கலைக்கென்றே போகிறவர்களுக்கு இது போதாது. அவர்கள் 14-30-ஐ எடுத்துக்கொண்டு வேறொன்றை விட வேண்டும். மற்றவர்களுக்கு, தேறிய படங்களில் 20 மி.மீ.க்குக் கீழே விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருந்தால், 485 கிராம் மிச்சம்.

70-200 இன்னும் சுலபம்

120-இல் எடுத்த 24 மெகாபிக்சல் படத்தை 200 மி.மீ. பார்வைக்கு வெட்டினால் நீள அகலம் இரண்டும் 0.6 மடங்காகும். 6048 × 4024 என்பது 3629 × 2414 ஆகிறது, சுமார் 8.8 மெகாபிக்சல். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட ஏறக்குறைய இவ்வளவுதான் தேவை. ஒரே இடத்தில் நின்று எடுத்ததால் முன்பொருள் பின்பொருள் நெருக்கமும் 200-இல் வருவது போலவேதான் இருக்கும். பின்னணி மங்குவது மட்டும் குறையும். 45 மெகாபிக்சல் பாடி என்றால் 16 மெகாபிக்சல் மிஞ்சும், பேச்சுக்கே இடமில்லை. 300 வரை வெட்டினால்தான் 24 மெகாபிக்சல் பாடியில் 4 மெகாபிக்சலுக்கும் கீழே இறங்கும், அது போன் திரைக்குத்தான் ஆகும்.

நண்பகலில் பள்ளத்தாக்குக்கு அப்பால் உள்ள கோட்டையை 200-இல் இழுத்தாலும் காற்றின் சூட்டலையில் விவரம் கரைந்துபோகும். விலை உயர்ந்த கண்ணாடி அங்கே ஒன்றும் செய்யாது. மேடை நிகழ்ச்சி, விளையாட்டு, தூரத்து மனிதர்கள் இவற்றுக்காகப் போகிறவருக்கு 70-200-இன் 1,360 கிராம் நியாயம். நகர நடைக்கு நியாயமே இல்லை.

105 மேக்ரோவைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். 24-120 லென்ஸே 0.39 மடங்கு வரை நெருங்கும், அதாவது 9 செ.மீ. அகலப் பொருள் ஃப்ரேமின் அகலத்தை நிறைக்கும். தட்டில் உள்ள உணவு, நகை, கல்வெட்டு எழுத்து எல்லாம் அதற்குள் அடக்கம். பூச்சி எடுக்கப் போகவில்லை என்றால் மேக்ரோ வீட்டில்.

24-120-ஆ, 24-200-ஆ

இங்கேதான் உண்மையான இழுபறி. 24-200 அறுபது கிராம் குறைவு, எட்டும் தூரம் அதிகம், ஒரே லென்ஸில் பயணம் முடிந்தது என்ற நிம்மதி. ஆனால் 100 மி.மீ.ஐ எட்டுவதற்குள் அதன் அப்பர்ச்சர் 6.3-க்குச் சுருங்கிவிடும். எஃப் 4-க்கும் 6.3-க்கும் நடுவே ஒன்றேகால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). வெயிலில் ஒன்றும் தெரியாது. சந்து நிழலில் 4-இல் ஐஎஸ்ஓ 1600 போதும் என்ற இடத்தில் 6.3-க்கு 4000 வேண்டும். முகம் எடுக்கும்போது பின்னணியும் அவ்வளவாகக் கரையாது.

பயணத்தில் முக்கால்வாசி மலை, கடற்கரை, பகல் வெளிச்சம் என்றால் 24-200 எடுப்பதுதான் புத்திசாலித்தனம். அதைக் கேவலமாகப் பார்க்கும் வழக்கம் வெறும் கெத்து. இந்தப் பயணம் நகரம் என்பதால் 24-120. இதே கணக்கு மற்ற மவுண்டுகளிலும் வரும். சோனிக்காரர்களுக்கு டாம்ரான் 28-200 (575 கிராம்) நல்ல மாற்று, ஆனால் அது 24-இல் தொடங்குவதில்லை. 28-இன் கோணம் 65 டிகிரிதான், சந்துகளில் அந்த எட்டு, ஒன்பது டிகிரி இடிக்கும். அவர்களுக்கு நகரம் என்றால் 20-70 எஃப் 4 (488 கிராம்) பொருத்தம். வைட் பற்றிய கவலையையே அது பாதி தீர்த்துவிடும்.

இருட்டுக்கு ஒரு லென்ஸ்

மெழுகுவர்த்தியும் மங்கலான விளக்கும் மட்டும் உள்ள தேவாலய உட்புறம் ஈவி 3 (வெளிச்ச அளவுகோல், எண் குறைந்தால் இருட்டு) அளவில் இருக்கும். அங்கே எஃப் 4-இல் 1/60 வேண்டுமானால் ஐஎஸ்ஓ 12800. எஃப் 2 என்றால் அதே 1/60-க்கு 3200 போதும். 24 மெகாபிக்சல் சென்சாரில் 3200 என்பது சுத்தமான படம். 12800-இல் நிழல் பகுதியில் நிறம் கெடும், தோல் களிமண் போலாகும்.

‘பாடியிலேயே ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே, 1/4 வரை கையில் பிடிக்கலாமே’ என்பது சரிதான், கல்லுக்கும் தூணுக்கும். பேசிக்கொண்டிருப்பவரின் கை 1/60-இலேயே லேசாக இழுபடும், நடப்பவருக்கு 1/125-ஆவது வேண்டும். ஸ்டெபிலைசேஷன் கேமராவின் அசைவை மட்டும்தான் தடுக்கும். அருங்காட்சியகங்கள் பலவற்றில் முக்காலிக்கும் ஃபிளாஷுக்கும் தடை, வாட்டிகனின் சிஸ்டைன் சேப்பலில் படம் எடுக்கவே அனுமதி இல்லை. எனவே நெடுநேர எக்ஸ்போஷர் என்ற வழியும் பல இடங்களில் அடைபடுகிறது. மிஞ்சுவது பெரிய அப்பர்ச்சர் ஒன்றுதான்.

அதனால் இரண்டாவது இடம் 40 எஃப் 2-க்கு. 170 கிராம், ஜாக்கெட் பையில் கிடக்கும். குறைகளும் உண்டு. மிக அருகில், 30 செ.மீ. சுற்றுவட்டாரத்தில், எஃப் 2-இல் படம் கொஞ்சம் பால் படிந்தது போல இருக்கும், 2.8-க்கு இறக்கினால் தெளியும். ஹுட் கூடவே வருவதில்லை, தெருவிளக்கு ஓரத்தில் இருந்தால் கையால் மறைக்க வேண்டும். இரண்டு மீட்டர் தூரத்தில் எஃப் 2-இல் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 30 செ.மீ.தான். மேசையின் எதிர்ப்புறம் இருவர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருந்தால் ஒருவர் மங்குவார். கேமராவைச் சற்று நகர்த்தி இரு முகத்தையும் ஒரே தூரத்துக்குக் கொண்டுவந்த பிறகே அழுத்த வேண்டும். குழுப்படம் என்றால் 2.8 அல்லது 4, ஐஎஸ்ஓ ஏறினாலும் பரவாயில்லை.

85 எஃப் 1.8 இருந்தால் அதை எடுக்கலாமா? முகங்களுக்கு அருமை. ஆனால் இருட்டான இடங்கள் பெரும்பாலும் குறுகிய இடங்கள், பின்னால் நகரச் சுவர் விடாது. 35 முதல் 50 வரை எதுவானாலும் சரி. கேனன் 50 எஃப் 1.8 160 கிராம்தான்.

இந்தச் சின்ன லென்ஸுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 24-120 கீழே விழுந்து ஜூம் வளையம் இறுகிப்போனால் மீதிப் பயணம் 40-இல் நடக்கும். ஒரே ஒரு லென்ஸோடு போகிறவருக்கு இந்த வழி இல்லை.

முடிவு: பாடி 705, 24-120 630, 40 170. ஒரு கிலோ 505 கிராம். மூடி, ஹுட், மாற்று பேட்டரி சேர்த்தாலும் 2 கிலோவுக்குள்.

கணக்கு மாறும் பயணங்கள்

துருவ ஒளி, பால்வீதி: 14-30 எஃப் 4 இங்கே உதவாது, ஒட்டு வேலையும் நடனமாடும் ஒளிக்குச் சரிவராது. 20 எஃப் 1.8 (505 கிராம்) போன்றது வேண்டும், முக்காலியும் வேண்டும். 500-ஐ ஃபோகல் லெங்த்தால் வகுக்கும் பழைய விதிப்படி 20-க்கு 25 நொடி வரும். இன்றைய சென்சாரில் அந்த நேரத்தில் நட்சத்திரம் கோடாகும், 12 முதல் 15 நொடியோடு நிறுத்தவும். காட்டு விலங்கு: 400-க்குக் குறைந்தால் வெட்டியும் பயனில்லை, புழுதியில் லென்ஸ் மாற்றவும் முடியாது. இரண்டு பாடி, ஒன்றில் நீள லென்ஸ், மற்றொன்றில் 24-120.

கிளம்பும் முன் சோதனை

பையைக் கட்டிக்கொண்டு ஒரு அரை நாள் உள்ளூரிலேயே சுற்ற வேண்டும். விட்டுப்போன லென்ஸ் வேண்டும் என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் போனில் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் ஒட்டியோ வெட்டியோ எடுத்துப் பார்க்கவும். வீட்டுக்கு வந்து திரையில் பார்த்தால் எந்தக் குறிப்பு நிஜம், எது பழக்கதோஷம் என்று தெரிந்துவிடும்.

லென்ஸ் மையம் விலகியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம், முன்பு எப்போதாவது கீழே விழுந்திருந்தால் கட்டாயம். கேமராவை முக்காலியில் வைத்து, தூரத்தில் உள்ள கட்டட ஜன்னல் போன்ற நுணுக்கமான ஒன்றை முதலில் நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றவும். பிறகு அதே ஜன்னலை நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக வைத்து எஃப் 4-இல், 2 நொடி டைமரில் எடுக்கவும். 24, 50, 120 மூன்றிலும் இதைச் செய்து நூறு சதவீதத்தில் பார்க்கவும். நான்கு மூலையும் ஒரே அளவு மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் உள்ளே ஏதோ நகர்ந்திருக்கிறது.

சென்சார் தூசிக்கு: எஃப் 16, வெள்ளைச் சுவர் அல்லது வெறும் வானம், ஃபோகஸை வேண்டுமென்றே தப்பாக வைத்து ஒரு படம். கறுப்புப் புள்ளி தெரிந்தால் ஊதும் பந்தால் ஊதவும். டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்றை அடிக்கக் கூடாது, அதன் திரவம் சென்சாரில் படியும். லென்ஸின் பின்கண்ணாடியில் உள்ள விரல் ரேகை முன்கண்ணாடியில் உள்ளதைவிட அதிகம் கெடுக்கும், அதைத் துடைக்க மறக்க வேண்டாம். யுவி ஃபில்டர் மாட்டியிருந்தால் ராத்திரி தெருவிளக்கை ஒரு முறை மாட்டியும் ஒரு முறை கழற்றியும் எடுத்துப் பாருங்கள். வானத்தில் தலைகீழாகப் பச்சைப் பொட்டுகள் விழுந்தால் அது ஃபில்டரின் வேலை.

போலரைசர் ஒன்று போதும், 24-120-க்கான 77 மி.மீ. அளவில். 40-இன் வாய் 52 மி.மீ., அதற்கு 52-77 ஸ்டெப்-அப் வளையம். வெளிச்சம் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறையும் என்பதால் உள்ளே நுழையும்போது கழற்றிவிடவும்.

பையும் காகிதமும்

மாற்று லித்தியம் பேட்டரிகள் கையோடு வரும் பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன்னில் போடக் கூடாது. முனைகளுக்கு மூடி போடவும், இல்லையென்றால் டேப் ஒட்டவும். கேமரா பேட்டரி ஒன்று 16 வாட்-ஹவர் சுமார், 100 வரை தனி அனுமதி தேவையில்லை. எத்தனை எடுக்கலாம் என்பதை விமான நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளவும்.

ஏசி அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு வந்தவுடன் லென்ஸ் மூடியைத் திறந்தால் கண்ணாடி பனித்துவிடும். ஜிப் பையில் வைத்து மூடி, வெளியே வந்து அரை மணி நேரமாவது கழித்துத் திறந்தால் ஈரம் பையின் மேல் படிந்துவிடும். லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, வாய் கீழ்நோக்கி, காற்றுக்கு முதுகு காட்டி. அணைத்ததும் ஷட்டர் திரை மூடிக்கொள்ளும் பாடிகளில் அந்தத் திரை மேல் விரல் படக் கூடாது; லேசாக அழுத்தினாலே மடங்கிவிடும்.

பாடி, லென்ஸ் எல்லாவற்றின் சீரியல் எண்களையும் ரசீதுகளையும் போட்டோ எடுத்துப் போனிலும் மின்னஞ்சலிலும் வைக்கவும். திரும்பி வரும்போது வெளிநாட்டில் வாங்கிய பொருளா என்று சுங்கத்தில் கேட்டால் இதுதான் பதில். பல நாடுகளில் கிளம்பும்போதே சுங்க அலுவலரிடம் பொருளைக் காட்டி, சீரியல் எண்ணோடு முத்திரை போட்ட சான்று வாங்கிக்கொள்ளலாம். பொருளைக் கையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பதால், விமான நிலையத்தில் அதற்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்கவும்.